எழுவான்கரையிலிருந்து ஒரு காலை

போன கிழமை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டிருந்தோம். கண்ணாடி மாதிரிக் கிடக்கும் தண்ணீர், நட்டுவைத்த கம்புகளின் மேல் வரிசையாக நீர்க்காகங்கள், ஓரத்தில் ஒரு மஞ்சள் கயாக்கின் மூக்கு. பத்து நிமிடத்திற்குள் நம்மிடம் படித்த பிள்ளை ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "சேர், இது எந்த நாடு? மாலைதீவா?"

அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் வரும் இடம் அது. நம்மூர் ஆற்றங்கரை.

ஏசுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் தெரியாமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதையும், அன்று காலை கண்டதையும் சேர்த்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஜனவரி கடைசிச் சனிக்கிழமை. மாரி மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்குக் கயாக் வாடகைக்கு விடும் நண்பர் ஒருவர் முதல் நாள் அஸருக்குப் பிறகே ஒன்றைக் கரையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். காசு வேண்டாம் என்றார். அவருடைய மகன் நம் வகுப்பில் படிக்கிறான். இதற்கும் தவணைப் பரீட்சைப் புள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். சுபஹ் தொழுதுவிட்டு நேரே கரைக்குப் போனோம். தனியாகத்தான். 'நாம்' என்று எழுதுவது பள்ளிக்கூடப் பழக்கம். "இன்று நாம் படிக்கப்போவது" என்று சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே பழகிவிட்டது.

கயாக் என்பது ஒருவர் கால் நீட்டி உட்காரும் சிறிய பிளாஸ்டிக் ஓடம். துடுப்பின் இரண்டு முனையிலும் இலை இருக்கும். உட்கார்ந்தால் நம் இடுப்பு கிட்டத்தட்டத் தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். பறவை பார்க்க அதுதான் வசதி. இயந்திரப் படகு வந்தால் கொக்கு கால் கிலோமீட்டருக்கு அப்பாலேயே எழும்பிவிடும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா மிதக்கும் மனிதனை அது ஒரு கட்டை என்று நினைக்கிறதோ என்னவோ, அவ்வளவாகக் கணக்கெடுப்பதில்லை.

இன்னொரு விசயம் வெளிச்சம். நாம் இருப்பது எழுவான்கரை. சூரியன் எழும் கரை. அக்கரை படுவான்கரை. சூரியன் படும் கரை. இந்தப் பெயர்களை வைத்த முன்னோர் எவ்வளவு நுட்பமானவர்கள் என்பது தண்ணீரில் இறங்கினால்தான் விளங்குகிறது. காலையில் நம் கரையிலிருந்து மேற்கே துடுப்புப் போட்டால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். முன்னால் இருக்கும் எல்லாப் பறவை மீதும் வெளிச்சம் நேராக விழும். கொக்கின் சொண்டு மஞ்சளா கறுப்பா, காலில் என்ன நிறம் என்பதெல்லாம் கண்ணாலேயே தெரியும். நம்மவர்கள் ஆற்றங்கரைக்கு வருவது பின்னேரம். சூரியன் அக்கரையில் விழும் நேரம். செல்ஃபிக்கு அது நல்லது. ஆனால் அந்த நேரத்தில் எல்லாப் பறவையும் ஒரே கறுப்பு நிழல்தான். ஆயுள் முழுக்க ஆற்றங்கரையில் காற்று வாங்கியும் ஒரு பறவையின் நிறத்தைக்கூடக் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறரைக்குச் சற்று முன்பு சூரியன் எழும்பும்போது நாம் கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போயிருந்தோம். காற்று இல்லை. பள்ளிவாசல் மினாராக்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. ஊரின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. முதலில் மோட்டார் சைக்கிள்கள், பிறகு சேவல்கள், கடைசியாகப் பாண் விற்கும் முச்சக்கரவண்டியின் அந்தப் பாட்டு. அது மட்டும் வெகுதூரம் துரத்திக்கொண்டு வந்தது.

முதலில் கண்டது வலைக் கம்புகளில் நீர்க்காகங்கள். இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, சட்டை காயப்போட்ட மாதிரி நிற்கும். அது சும்மா நிற்பதில்லை. வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைந்தால்தான் உடம்பு மிதக்காமல் கீழே போக இலகு. மீனுக்காக அந்த வசதியை எடுத்துக்கொண்டு, அதற்கு விலையாக வெயிலில் காய்கிறது.

பிறகு வந்ததுதான் அன்றைய பெரிய காட்சி. வடக்குப் பக்கமிருந்து நூறு, நூற்றைம்பது நீர்க்காகங்கள் தண்ணீரில் ஒரு கோடாக நீந்தி வந்தன. முன்னால் இருப்பவை முழுகுகின்றன. பின்னால் இருப்பவை எழும்பிப் பறந்து முன்னால் போய் விழுகின்றன. அவை முழுக, அடுத்தவை எழும்புகின்றன. ஒரு சக்கரம் உருண்டு வருவது போல அந்தக் கூட்டம் மீனைத் தள்ளிக்கொண்டு வந்தது. மேலே ஆலாக்கள் இருபது முப்பது. ஆலா கல் மாதிரி விழாது. பறந்தபடியே குனிந்து தண்ணீரின் மேல்தோலில் மட்டும் சொண்டால் கிள்ளும். இங்கே மாரியில் காணும் மீசை ஆலாக்கள் வடக்கிலிருந்து வருபவை. ஏப்ரல் மட்டில் திரும்பிவிடும். கூட்டம் கரைப் பக்கம் திரும்பியதும் அதுவரை சும்மா நின்ற சின்னக் கொக்குகள் தண்ணீருக்குள் ஓடின. கறுப்புக் கால், மஞ்சள் பாதம். அந்தப் பாதத்தைச் சேற்றுக்குள் விட்டு உதறும். ஒளிந்திருக்கும் இறாலும் குஞ்சு மீனும் பயந்து வெளியே வரும். கொத்தும். புட்டுக்கு மா குழைக்கும் கை மாதிரி ஒரு விரைவு.

அந்தக் கூட்டம் நம் கயாக்கின் இரண்டு பக்கமும் பிரிந்து போய், பின்னால் மறுபடி சேர்ந்தது. இறக்கை அடித்த தண்ணீர் முகத்தில் தெறித்தது. சுபஹானல்லாஹ் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பயம் பாதி, சந்தோசம் பாதி.

நீர்க்காகங்கள் போன பிறகு ஆறு சும்மா கிடந்தது. அப்போதுதான் நாம் ஏறத்தாழ நடுவில் இருப்பது தெரிந்தது. இந்தப் பக்கமும் கரை, அந்தப் பக்கமும் கரை. நம் வயதுக்காரருக்கு இந்த நடு ஆறு என்றால் என்னவென்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

நாம் சிறு வயதில் இருந்தபோது இது ஆறு அல்ல, எல்லை. எழுவான்கரை ஒருவர் கட்டுப்பாட்டில், படுவான்கரை இன்னொருவர் கட்டுப்பாட்டில். 2007 வரை அப்படித்தான். இரவில் அக்கரையிலிருந்து எறிகணைச் சத்தம் தண்ணீர் மேல் உருண்டு வரும். உம்மா பாயை இழுத்துச் சுவர் ஓரமாகப் போடுவார். "ஆத்தங்கரப் பக்கம் பெய்த்திராத மகன்" என்பது நம் வீட்டில் சோறு, தண்ணீர் போல தினமும் புழங்கிய வசனம். உம்மாவின் வாப்பாவுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. 1990க்குப் பிறகு அவர் அதைப் பார்க்கவில்லை. பின்னேரங்களில் கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் என்ன பார்க்கிறார் என்று கேட்கும் வயது நமக்கு அப்போது இல்லை. கேட்கும் வயது வந்தபோது அவர் மௌத்தாகிவிட்டார்.

2014இல் மண்முனைப் பாலம் திறந்தார்கள். அதற்கு முன் அங்கே பாதையில்தான் ஏறிக் கடக்க வேண்டும். இப்போது மோட்டார் சைக்கிளில் சில நிமிடம். பாலம் வந்ததும் ஆற்றைக் கடப்பது இலகுவானது. ஆற்றைப் பார்ப்பது குறைந்தது. இது நம் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லலாம்.

ஆக, நம் தலைமுறை ஆற்றுக்குப் போகவிடப்படாத தலைமுறை. நம்மிடம் படிக்கும் பிள்ளைகளை யாரும் தடுக்கவில்லை. அவர்களுக்கு நேரமில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புலமைப்பரிசில் வகுப்பு, ஒன்பதரைக்கு இங்கிலீஷ், பின்னேரம் ஹிஃப்ழ். 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' பாடத்தில் நீர்ப்பறவைகள் வருகின்றன. படத்தில் இருக்கும் நாரைக்கு நிறம் தீட்டுகிறார்கள். நன்றாகவே தீட்டுகிறார்கள். கல்வியியற் கல்லூரியில் நாமும் கண்டல் தாவரம் பற்றிக் கட்டில்லாக் காட்சிப் பலகை செய்தோம், வேர் வேறாக, இலை வேறாக, அழகான எழுத்தில். அந்த வேரின் மேல் கை வைத்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு.

நம் கழுத்தில் தொங்கிய தொலைநோக்கி பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஒரு தொலைநோக்கியை வீட்டில் வைத்திருப்பது என்பது யாரும் நினைத்துப் பார்க்காத காரியம். இதை வாங்கியது 2018இல், பழையது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு உம்மா அதை அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில் வைத்துவிட்டார். "தாடியோட இதயும் போட்டுக்கிட்டு வெளிய பெய்த்திராத." நாம் வாதாடவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. உள்ளே பூஞ்சணம் பிடித்து இப்போதும் இடது கண்ணில் ஒரு புகை தெரியும். எந்தக் கொக்கைப் பார்த்தாலும் கொஞ்சம் பனிக்குள் நிற்பது போல் இருக்கும்.

அக்கரையை நெருங்கும்போது ஒரு தோணி. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வலை இழுத்துக்கொண்டிருந்தார். நம் தொலைநோக்கியைக் கண்டதும் இழுப்பதை நிறுத்தினார்.

"தம்பி எந்த டிப்பார்ட்மென்ட்?"

"டிப்பார்ட்மென்ட் இல்ல ஐயா. பறவ பாக்க வந்த."

"அளக்க வரல்லயா?"

"இல்ல ஐயா. நான் ஒரு வாத்தியார். காத்தான்குடி."

அவர் கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்தார். தண்ணீருக்கு நடுவில் கண்ணாடியோடு வருபவர் அளப்பவராகத்தான் இருப்பார், அளந்தால் அடுத்ததாக ஏதாவது போகும் என்பது அவர் அனுபவம். பிறகு முகம் இளகியது. 'தம்பி' போய் 'சேர்' வந்தது. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர் நாம். எவ்வளவு சொல்லியும் 'தம்பி' திரும்பி வரவில்லை.

மேலே சுற்றிய ஆலாக்களைக் காட்டி, "அது கூடி நிண்டா கீழ கூனி கிடக்கெண்டு அருத்தம் சேர். நாங்க அதப் பாத்துத்தான் தோணியத் திருப்புற" என்றார். நாம் புத்தகத்தில் தேடியதை அவர் பசிக்குப் படித்திருக்கிறார். அன்றைய பாட்டைக் காட்டினார். கொஞ்சம் இறால், நாலைந்து மணலை, ஜப்பான் மீன் ஏழெட்டு, இரண்டு நண்டு. அதற்குப் பக்கத்தில் தோணியின் அணியத்தில் ஒரு குவியல். பொலித்தீன் பைகள்.

"வலையில மீன விட இதுதான் கூட. எறிஞ்சா திரும்ப வரும். அதான் ஏத்திக்கிட்டுப் போய்க் கரையில போடுற" என்றார். ஒரு பையைக் கம்பால் தூக்கி விரித்தார். நம்மூர்த் துணிக்கடை ஒன்றின் பெயர். பெருநாளைக்கு நாம் எல்லாரும் அந்தப் பையோடுதான் வீட்டுக்கு வந்தோம். இன்னொன்று ஒரு பேக்கரியுடையது. அவர் கோபப்படவில்லை. குற்றம் சொல்லவும் இல்லை. கடையின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இந்தக் கட இப்பவும் இரிக்கா சேர்? எங்கட மகளுட கலியாணத்துக்கு அங்கதான் உடுப்பெடுத்த" என்று கேட்டார்.

இருக்கிறது என்றோம்.

"முந்தி ஒங்கட ஆக்கள் இஞ்சால வயல் செஞ்சவங்க" என்று கையைக் காட்டினார். நெல் வெட்டும் காலத்தில் நம்மவர்கள் வந்து தங்கியதையும், அவர் சிறுவனாக அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததையும் சொன்னார். எந்த வயல், யாருடையது என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும். அவரும் கேட்கவில்லை. நம் இருவருக்கும் அந்தக் காலையில் அது போதுமாக இருந்தது. புறப்படும்போது இரண்டு மணலையை எடுத்து நம் காலடியில் போட்டார். காசு எடுக்கவே இல்லை.

அக்கரையில் ஒரு கண்ணாப் பற்றை. உள்ளே போகவில்லை, ஓரமாக மிதந்தோம். கண்டலின் காய் முருங்கைக்காய் மாதிரித் தொங்கும். அது காய் மட்டும் அல்ல. விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து நீண்டு, பிறகு விழுகிறது. விழும் இடத்தில் சேறு சரியாக இருந்தால் நட்டுக்கொள்ளும், இல்லையென்றால் மிதந்து வேறிடம் தேடும். கண்ணா இலையை மழை பெய்யாத நாளில் நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. தில்லை மரத்தை மட்டும் ஒடிக்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று நம் பெரியவர்கள் சொன்னது உண்மைதான்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குறுக்கீடு. கண்டல் நடுவது இப்போது ஒரு விழாவாகிவிட்டது. பேனர், தொப்பி, படம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். அதில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பல இடங்களில் பொருந்தாத நிலத்தில் பொருந்தாத இனத்தை நட்டு, அதற்குப் பிறகு யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. ஏற்கனவே இருக்கும் பற்றையை மண் போட்டு நிரப்பாமல் விடுவது பேனர் இல்லாத வேலை. அதற்கு யாரும் தொப்பி கொடுப்பதில்லை.

பற்றைக்கு அடியில் ஒரு கபரக்கொய்யா, ஆளுயரம் இருக்கும், நாக்கை நீட்டிக்கொண்டு சேற்றில் நடந்தது. சின்ன மீன்கொத்தி ஒன்று நீலக் கோடாகப் போனது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் புள்ளி போட்ட பெரிய மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் நின்று இறக்கையடித்துக் குறி பார்த்தது. மூன்று முறை விழுந்தது. மூன்று முறையும் வெறும் சொண்டுதான். நாலாவது முறை விழ முன் ஆள்காட்டி ஒன்று கத்திக் காரியத்தைக் கெடுத்துவிட்டது. ஆள்காட்டி என்ற சொல்லுக்கு நம் சின்ன வயதில் வேறு அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டால் பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இப்போது அது சிவப்பு முகமும் மஞ்சள் காலும் உள்ள ஒரு பறவை மட்டும். வயல் வரம்பில் முட்டை இட்டுவிட்டு, போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக் கத்தும்.

ஒன்பது மணியளவில் கடல் பக்கமிருந்து காற்று எழும்பியது. திரும்பும்போது அது முகத்துக்கு நேரே. வரும்போது முக்கால் மணித்தியாலம், போகும்போது ஒன்றரை. தோள்மூட்டு அடுத்த நாள் வரை பேசியது. மணலை இரண்டையும் வீட்டார் பொரித்தார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொலைநோக்கியை வாங்கித் துடைத்து, இந்தத் தடவை உடுப்புக்கு மேலே வைத்தார்.

படத்தைக் கண்டு நாமும் வரலாமா என்று கேட்ட பெற்றோருக்கு. அடுத்த சனிக்கிழமை காலை ஆறே காலுக்கு ஆற்றங்கரையில் நிற்போம். கயாக் தேவையில்லை. கரையிலேயே முதுகை ஊருக்குக் காட்டி நின்றால் போதும், வெளிச்சம் சரியாக விழும். தரம் 5 பிள்ளைகள் ஏழு மணிக்குள் வகுப்புக்குப் போய்விடலாம், அந்த ஆசிரியரிடமும் பேசிவிட்டோம். பத்து வயதுக்குக் குறைந்தவர்கள் வாப்பாவோடோ உம்மாவோடோ வர வேண்டும். முதலை இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது. அதனால்தான் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. தொலைநோக்கி ஒன்றுதான், மாறி மாறிப் பார்க்கலாம், இடது பக்கம் புகை தெரிந்தால் வலது கண்ணால் பாருங்கள்.

பிளேன்டி நாம் கொண்டு வருவோம். கப் மட்டும் வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள்.